இரண்டு முடிச்சு

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டை எனக்குக் கொடுத்தவள் என் மருமகள் கோகிலவாணி. ஆசையாகக் கொடுத்தாள் என்று நினைக்க வேண்டாம். "வேல நேரத்துல ஏதாச்சும் பேசோணும்னு தோணுச்சுன்னா இதுல எழுதி வைங்க அத்தை, சாயங்காலம் நான் படிச்சுக்கறேன்" என்றாள். வாயை மூடு என்பதைப் படித்தவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். பேத்தி நிறைமதி போன வருஷம் பாதி எழுதிவிட்டுப் போட்ட கணக்கு நோட்டு இது. முன்பக்கமெல்லாம் கழித்தல் கணக்கு. நான் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். மாராத்தாள் என்று கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், பேப்பர் படிப்பேன். ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்கு நோட்டு வேண்டியதில்லை. இவள் கல்யாணத்தில் முதல் பந்தியில் என் அக்காவுக்கு இலை போடாமல் விட்டது யார், அன்றைக்கு என்ன பொரியல், எல்லாம் எனக்குள் இருக்கிறது. கிழவி மறந்திருப்பாள் என்று கோகிலவாணி நினைக்கிறாள்.

காலையில் ஹாலில் லேப்டாப்பைத் திறந்தால் சாயங்காலம் வரை வீட்டில் சத்தம் கூடாது. வேறு ஆள் குரல் கேட்டால் அந்த இயந்திரம் குறித்துக்கொள்ளுமாம். மிக்ஸி கூடாது. சீரியல் கூடாது. நான் இருமினால் திரும்பிப் பார்க்கிறாள். முப்பது வருஷம் பஞ்சாலையில் நின்ற நெஞ்சு, இருமாமல் என்ன செய்யும்.

ஜூன் 5, வியாழன்

முந்தாநாள் எழுதியதை அவள் படிக்கவில்லை. நல்லதாகப் போயிற்று. இனி மனதில் உள்ளதை எழுதலாம்.

இன்று தோசைக்கல்லைப் பால்கனியில் காய வைக்க ஹால் வழியாகப் போனேன். அந்த வழியைத் தவிர வேறு வழியில்லை. லேப்டாப்பிலிருந்து டிங் என்று ஒரு சத்தம். கோகிலவாணி தலையில் கை வைத்தாள்.

"என்னாச்சு?"

"உங்க மூஞ்சி கேமராவுல விழுந்துருச்சுங்க அத்தை. ரெண்டாவது ஆள்னு காட்டுது."

"நான் இந்த வீட்டு ஆளுன்னு சொல்லு."

"அதுக்குச் சொன்னாப் புரியாதுங்க."

"புரியாததுக்கா நீ வேல செய்யறே?"

அவள் திரும்பிக்கொண்டாள். குற்றம் என்று அவள் பெயரில் ஒரு புள்ளி வைத்துவிட்டார்களாம். என் வீட்டு ஹாலில் நடந்ததற்கு நான் ரெண்டாவது ஆள். இதை நான் மறக்க மாட்டேன்.

ஜூன் 9, திங்கள்

அவள் வேலையைப் பற்றி எழுதி வைக்கிறேன். அமெரிக்காவில் யாருக்கோ முட்டி வலிக்கிறது. அங்கே டாக்டர் எழுதி வைத்ததை இவள் இங்கே சிங்காநல்லூரில் உட்கார்ந்து படித்து, அந்த நோய்க்கு ஒரு நம்பர் போடுகிறாள். அந்த நம்பரை வைத்துத்தான் அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு இன்சூரன்ஸ் காசு வருமாம். இடது முட்டிக்கு ஒரு நம்பர், வலது முட்டிக்கு வேறு நம்பர். இதற்கென்று பரீட்சை எழுதிப் பத்து வருஷமாகச் செய்கிறாள்.

முன்பெல்லாம் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்போது முகமே வேறு. கஷ்டமான பைலை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு மத்தியானம் நிதானமாகப் பார்ப்பாளாம். டாக்டர் எழுதியது புரியாவிட்டால் கேட்டு எழுதுவாளாம். வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு ஒரு கேஸ் பார்த்தனுங்க அத்தை, யாராலயும் கண்டுபுடிக்க முடியல" என்று பீற்றிக்கொள்வாள். நான் காது கொடுத்ததில்லை. அது வேறு விஷயம்.

இந்த ரெண்டு வருஷமாக எல்லாம் மாறிவிட்டது. பைலைத் தேர்ந்தெடுக்க முடியாது, ஒன்றன்பின் ஒன்றாக அதுவே வருகிறது. நம்பரையும் கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறது. இவள் சரி என்று அமுக்க வேண்டும். தப்பு என்று சொல்லலாம், ஆனால் ஏன் தப்பு என்று எழுத வேண்டும், அதற்குள் மூலையில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கை சும்மா இருந்தால் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் பொட்டு மஞ்சளாகிறது.

தண்ணீர் பாட்டிலை நிரப்பிப் பக்கத்தில் வைத்தால் சாயங்காலம் அப்படியே இருக்கிறது. எதற்கென்று எனக்குத் தெரியும். மில்லில் எங்கள் பகுதிக்கே ஒரே ஒரு பித்தளை டோக்கன். அதைக் கையில் வைத்திருப்பவள்தான் கக்கூசுக்குப் போகலாம். நாங்களும் தண்ணீர் குடிக்க மாட்டோம்.

இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன, அவள் குளுகுளு அறையில் உட்காரப் படித்தவள்.

ஜூன் 12, வியாழன்

ரேஷன் கடைக்குப் போனேன். பருப்பு வந்திருந்தது. கைரேகை இயந்திரம் என் விரலை எடுக்கவில்லை. நூல் தேய்த்த விரல், ரேகை எங்கே இருக்கும். கடைக்காரன் ஓரமாக உட்காரச் சொன்னான். அந்த பெஞ்சில் ஏற்கெனவே, மில்லில் என்னோடு நின்ற தெய்வானை உட்கார்ந்திருந்தாள். அவள் விரலும் எடுக்கவில்லை.

"வா மாராத்தா, உக்காரு" என்று நகர்ந்து இடம் விட்டாள். நான் நின்றுகொண்டேன். கால் வலித்தது. இருந்தாலும் நின்றேன். அவளோடு நான் பேச்சை விட்டது என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது.

ஜூன் 16, திங்கள்

கோகிலவாணி கழுத்தைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருக்கிறாள். கேட்டால் வேர்க்குரு என்கிறாள்.

ஜூன் 19, வியாழன்

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் அவள் நேராகச் சமையலறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். எப்போதும் அப்படி உட்கார மாட்டாள். வரும் திங்கள் முதல் வெள்ளி வரை அளவு எடுக்கிறார்களாம். அந்த வாரம் ஒவ்வொருவரும் எத்தனை பைல் முடிக்கிறார்கள் என்று பார்த்து, அதை வைத்து எல்லோருக்கும் புதுக் கணக்கு. அவளுடைய மேலாளன் பிரணவ், இருபத்தெட்டு வயசுப் பையன், "உங்க பெஸ்ட்டைக் காட்டுங்க கோகிலா, நீங்கதான் டீம்லயே சீனியர்" என்றானாம்.

"எப்படியாச்சும் வேகமா முடிச்சுக் காட்டிப்போடோணும்" என்று சொல்லிக்கொண்டே கழுத்தைச் சொறிந்தாள்.

"ஓடிறாதே" என்றேன். "அளக்கறவன் முன்னாடி ஓடுனா அப்புறம் சாகற வரைக்கும் ஓடோணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதினோரு வருஷத்தில் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் சொன்னேன்.

மில்லில் ரீலிங் பகுதி முழுக்கப் பொம்பளைகள். நூலைச் சுற்றிக் கட்டாக்கிச் சிட்டம் போடுவது வேலை. ஒரு ஷிப்டுக்கு இத்தனை சிட்டம் என்று கணக்கு. ஒரு நாள் கழுத்தில் கடிகாரம் தொங்க, கையில் அட்டையோடு ஒருத்தன் வருவான். எங்கள் பின்னால் நின்று அளப்பான். அவன் வாசலில் நுழைந்தவுடன் முதல் இயந்திரத்தில் நிற்கிறவள் முந்தானையை வலது பக்கம் மாற்றிச் செருகுவாள். அதைப் பார்த்து அடுத்தவள், அடுத்தவள் என்று கடைசி வரை போய்விடும். அப்புறம் நூல் அறுந்தால் எல்லோரும் இரண்டு முடிச்சு. ஒரு முடிச்சு போட்டாலே போதும், ஆனால் இரண்டாவது போடுவோம். வேலையில் குற்றம் சொல்ல முடியாது. கைகள் ஆடிக்கொண்டே இருக்கும். அவனுடைய அட்டையில் மட்டும் சிட்டம் ஏறாது.

"எல்லாரும் அப்படியே செஞ்சாங்களா?" என்று கேட்டாள்.

ஒருத்தி செய்யவில்லை என்றேன், போன வாரம் ரேஷன் கடையில் பார்த்தவள். தெய்வானை. புதுசாகச் சேர்ந்தவள். முந்தானை அவள் வரைக்கும் வந்தது, அவளும் மாற்றிச் செருகினாள், அதை நான் கண்ணால் பார்த்தேன். அப்புறம் பேய் மாதிரி ஓட்டினாள். அடுத்த மாதம் அவள் போட்ட சிட்டத்தை எழுதி போர்டில் ஒட்டினார்கள். எல்லோரும் அத்தனை போட வேண்டும். என் மணிக்கட்டு அப்போது போனதுதான். இன்றைக்கும் ஈரத்துணி பிழிய முடியாது.

"அவங்க ஏனுங்க அப்படிப் பண்ணாங்க?"

அவளுக்குப் புருஷன் ரத்தம் கக்கிக் கிடந்தான். பர்மனென்ட் ஆனால் மருந்து கிடைக்கும். அதெல்லாம் உண்டு. எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒன்று கிடந்தது.

"அப்புறம்?"

அப்புறம் யாரும் அவளோடு பேசவில்லை. சோறு தின்ன அவள் வந்து உட்கார்ந்தால் நாங்கள் எழுந்து போவோம். மில் மூடுகிற வரைக்கும். முதலில் எழுந்தவள் நான்.

"நாங்க ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியாதுங்களே அத்தை. அவங்கவங்க வீட்ல இருக்கறோம். யாரு எவ்வளவு பண்றாங்கன்னு பிரணவுக்கு மட்டுந்தான் தெரியும்."

"போன் இருக்குதல்ல. சொல்லி வெச்சுக்கோ. சொன்னாச் சொன்னதுதான்."

ஜூன் 20, வெள்ளி

கூட வேலை செய்யும் ஆறு பேருக்கும் போன் போட்டாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். திருச்சியில் ஒருத்தி, ஈரோட்டில் ரெண்டு பேர், சென்னையில் ரெண்டு பேர், நாகர்கோவில் பக்கம் ஜெனிட்டா என்று ஒரு சின்னப் பெண். எல்லோரும் சரிக்கா என்றார்கள். திருச்சிக்காரி சிரித்து, "சூப்பர் ஐடியாக்கா, யார் குடுத்தா?" என்று கேட்டாள். கோகிலவாணி என் பக்கம் பார்த்து, "எங்க வீட்ல ஒரு பழைய ஆள் இருக்காங்க" என்றாள்.

பழைய ஆள். பழைய சோறு மாதிரி.

ஆனாலும் என் பேச்சை ஒருத்தி கேட்டாள். எழுதி வைக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

இரண்டாம் நாள். ஒவ்வொரு பைலையும் இரண்டு தரம் படிக்கிறாள். கழுத்தில் கை போகவில்லை. மத்தியானம் தண்ணீர் பாட்டில் பாதி காலி. ஏதோ பாட்டை முணுமுணுத்தாள், அப்புறம் இயந்திரம் குறித்துக்கொள்ளும் என்று நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் சொன்னாள்: "ஒரு ஆளுக்கு வலது கால எடுத்துட்டாங்களாம் அத்தை. கம்ப்யூட்டரு இடது கால்னு நம்பர் போட்டிருக்குது. ரெண்டாந்தரம் படிச்சப்பத்தான் தெரிஞ்சுது. இல்லைன்னா சரின்னு அமுக்கியிருப்பேன்."

"அந்தாளுக்குத் தெரியுமே எந்தக் கால்னு."

விழுந்து விழுந்து சிரித்தாள். நிறைமதி ஓடி வந்து என்ன என்ன என்று கேட்டது. சிரிக்கும்படியாக நான் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 26, வியாழன்

கம்ப்யூட்டரில் அவள் பொட்டு பகலெல்லாம் மஞ்சள். பரவாயில்லை என்கிறாள். எனக்கு ஒரு கடுக்காய் டீ போட்டுக் கொடுத்தாள், இருமலுக்கு. நான் கேட்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஆறு பேரும் ஓடியிருக்கிறார்கள்.

எல்லோரும். ஒருத்தி விடாமல். போனில் சரிக்கா என்று சொல்லிவிட்டு, அவரவர் வீட்டில் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மற்றவள் ஓடிவிட்டால் நான் மாட்டிக்கொள்வேனே என்று ஒவ்வொருத்தியும் பயந்திருக்கிறாள். அளவு எடுத்த ஏழு பேரில் கடைசி கோகிலவாணி. முதலில் வந்தவள் ஜெனிட்டா. இனி எல்லோருக்கும் ஜெனிட்டா போட்ட கணக்கு. கடைசியில் வந்தவளுக்கு ஒரு மாதம் தவணை. அதற்குள் எட்டிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில்தான் இருக்கிறாள், இனி எங்கே போவது.

அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களால்தான் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். பதில் வைத்திருந்தேன். நான் சொன்னதில் தப்பு இல்லை. ரீலிங்கில் ஒருத்திதான் ஓடினாள், இங்கே ஆறு பேர். அதற்கு நான் என்ன செய்ய முடியும். முந்தானை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்.

அவள் சொன்னாள். அது ஞாபகம் இருக்கிறது. எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்.

ஆறு பேருடைய பெயரையும் மனதில் வைத்துக்கொண்டேன். ஒருத்தியையும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டியதில்லை.

ஜூலை 3, வியாழன்

இந்த வீட்டுக் கடன் தவணை அவள் சம்பளத்தில்தான் கட்டுகிறோம். என் மகன் நாகராசு ஓசூரில் கம்பெனியில் இருக்கிறான், மாதம் இரண்டு முறை வருவான், அவன் சம்பளம் அவனுடைய பழைய கடனுக்கே சரியாக இருக்கிறது. இன்று போனில் அவளைக் கேட்டான்: "உனக்கென்ன பைத்தியமா? எல்லாரும் ஓடறப்ப நீ ஏன் நின்னே?" போனின் சத்தம் சமையலறை வரைக்கும் வந்தது. கிழவி சொன்னாள் என்று சொல்லிவிடுவாள் என்று அரிவாள்மணையை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"நானாத்தான் பண்ணேன்" என்றாள்.

என் யோசனையைத் தன்னுடையது என்கிறாள்.

ஜூலை 5, சனி

இப்போது சனிக்கிழமையும் உட்காருகிறாள். நிறைமதியைப் பள்ளியிலிருந்து கூட்டி வர நேற்று மறந்துவிட்டாள். நான் போய்க் கூட்டி வந்தேன். குழந்தை வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. "அம்மாகிட்டச் சொல்லாத அப்பத்தா, அதுக்கு அழுகை வந்துரும்" என்றது.

சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. நான் எடுத்துச் சுருட்டி எறிந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஜெனிட்டா போன் செய்தாள். வேலை முடிந்து கோகிலவாணி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். நான்தான் அமுக்கினேன்.

அந்தப் பெண் எடுத்தவுடன் அழுதாள். "அக்கா, மன்னிச்சிருங்கக்கா. நான் ரெண்டு நாள் மெதுவாத்தான் பண்ணேன். அப்புறம் பிரணவ் சாரு கூப்பிட்டாரு, நீ மட்டும் ஏன் பின்னாடி இருக்கேன்னாரு. எனக்கு இன்னும் கன்ஃபர்ம் ஆகலக்கா. வீட்ல நான் மட்டும்தான் வேல பாக்கேன்."

கோகிலவாணி பிசைவதை நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும்க்கா. நேத்து சாரு கேட்டாரு, மெதுவாப் பண்ணச் சொல்லி யாரு போன் பண்ணாங்கன்னு. யாரோ ஏற்கெனவே சொல்லிட்டாங்க போல. நான் உங்க பேரச் சொல்லிட்டேன்க்கா."

போனை அணைக்கக் கை நீட்டினேன். கோகிலவாணி மாவுக் கையால் என் கையைத் தள்ளினாள்.

"சரி விடும்மா" என்றாள். "நீ என்ன பண்ணுவே. கேட்டாச் சொல்லித்தான ஆகோணும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்.

"சாப்ட்டியா?"

"இல்லக்கா."

"போய்ச் சாப்புடு மொதல்ல. தண்ணி குடிக்கறியா? எந்திரிச்சு நட, முதுகு போயிரும்."

போனை வைத்தபின் நான் கத்தினேன். "உன்னையக் காட்டிக்குடுத்தவளுக்குச் சாப்ட்டியான்னு கேக்கறே. உனக்கு வெக்கமே இல்லியா?"

"அவளுக்கு இருபத்திரெண்டு வயசுங்க அத்தை."

"தெய்வானைக்கும் அதே வயசுதான் அப்ப."

சொன்னபிறகு வாயை மூடிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உருண்டை பிடிக்க ஆரம்பித்தாள். சப்பாத்தி ரப்பராக இருந்தது. நான் தின்னவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மத்தியானம் மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். காதில் மாட்டுவது உடைந்துவிட்டதால் சத்தம் வெளியே கேட்டது. பிரணவ் ஒரு குரல், ஆபீசில் மேலே இருக்கும் ஒரு பொம்பளை இன்னொரு குரல். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கேமராவில் விழாத இடமாகப் பார்த்து நின்றேன். எது விழும், எது விழாது என்று இப்போது எனக்குப் பழக்கம்.

பிரணவ் தேனாகப் பேசினான். "கோகிலா, உங்க மேல எனக்கு நிறைய ரெஸ்பெக்ட் இருக்கு. நீங்க இப்படி யோசிக்கிற ஆளே கிடையாது. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

அந்தப் பொம்பளை சொன்னாள்: "பெருசு பண்ண வேண்டாம் கோகிலவாணி. தெரியாமப் பண்ணிட்டேன், இன்னார் சொல்லித்தான் பண்ணேன்னு ரெண்டு வரி மெயில் போடுங்க. வெளியாள் யாராவதா? வீட்ல யாராவதா? பேரை மட்டும் போடுங்க. உங்க வேலை உங்களுக்கு இருக்கும்."

கோகிலவாணி லேப்டாப்பைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். நான் அரிசிப் பாத்திரத்தோடு நின்றேன். என் கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. சொல்லித் தொலை என்று வாயசைத்தேன். சத்தம் வரக்கூடாது என்பதால் அசைக்க மட்டும் செய்தேன். இரண்டாம் தரமும் அசைத்தேன். அவளுக்குப் புரிந்தது. எனக்கு அது தெரியும்.

அவள் திரும்பிக்கொண்டாள்.

"யாரும் சொல்லலைங்க மேடம். நானா எடுத்த முடிவு."

"கோகிலா, யோசிச்சு..." என்றான் பிரணவ்.

"யோசிச்சுட்டுத்தான் சொல்றேன் பிரணவ். ரெண்டு வருஷமா இந்த வேலையில நானா எடுத்த முடிவு இது ஒண்ணுதான். இதையும் இன்னொருத்தர் பேர்ல எழுதச் சொல்றீங்க."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அந்த வாரம் நான் பார்த்த பைல்ல ஒரு தப்புக்கூட இருக்காதுங்க. எடுத்துப் பாருங்க" என்றாள். "அதப் பாத்தீங்களா யாராச்சும்?"

பார்க்கவில்லை போல. அந்தப் பொம்பளை ஏதோ இங்கிலீஷில் சொன்னாள், வாசித்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் லேப்டாப் கறுத்துவிட்டது. அங்கேயிருந்தே அணைத்துவிடுவார்களாம்.

அவள் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். வலது கை மட்டும் மவுஸை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தது. பச்சைப் பொட்டு போய்விடக் கூடாது என்று கை பழகிவிட்டது. நான் போய் மவுஸை எடுத்து அலமாரியில் வைத்தேன். கை வெறும் மேசையில் கொஞ்சம் அசைந்து அப்புறம் நின்றது.

கேமரா முன்னால் நேராகப் போய் நின்றேன். டிங் சத்தம் வரவில்லை.

ஜூலை 12, சனி

வெயில் ஏறும் வரைக்கும் தூங்கினாள். அவளை எழுப்ப நிறைமதியை நான் விடவில்லை.

ஜூலை 14, திங்கள்

கூரியர்காரன் வந்து லேப்டாப்பை எடுத்துப் போனான். அட்டைப்பெட்டியை ஒட்ட டேப் இல்லை என்றான். நிறைமதியின் கிராப்ட் டேப்பைக் கொடுத்தோம், பூப்போட்டது. அப்படியே ஒட்டிக்கொண்டு போய்விட்டான்.

இனி வீட்டில் பேசலாம். மிக்ஸி போடலாம். காலையில் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டேன், சத்தம் காதை அடைத்தது, பாதியில் நிறுத்திவிட்டேன். சீரியல் போட்டுப் பார்த்தேன். யார் யாரோ வந்திருக்கிறார்கள், கதை எங்கேயோ போய்விட்டது.

கோகிலவாணி ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கழுத்துப் புண்ணில் நான் தேங்காய் எண்ணெய் வைத்தேன். எரியுது என்றாள். எரியட்டும் என்றேன்.

"ஏதாச்சும் பேசுங்க அத்தை. இத்தனை நாள் பேசவேண்டாம்னு சொன்னனே, இப்பப் பேசுங்க."

என்ன பேசுவதென்று தெரியவில்லை. எனக்கு இது நடந்ததே இல்லை.

அவளே கேட்டாள். "அந்தத் தெய்வானையம்மா வீட்டுக்காரரு அப்புறம் பொழச்சுக்கிட்டாருங்களா?"

"இல்ல. அந்த வருஷமே போயிட்டான்."

"நீங்கெல்லாம் போனீங்களா?"

"போகல" என்றேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "வர்ற வியாழக்கிழமை ரேஷனுக்கு நானும் வர்றனுங்க. இனி என்ன, எனக்கு வேலையா இருக்குது" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வரட்டும். பருப்புப் பையைத் தூக்க ஆள் வேண்டும்.

நாகராசு நாளைக்கு வருகிறான். வந்து என்னிடமும் கேட்பான். அடுத்த மாதத் தவணைக்கு வழி என்னவென்று மூன்று பேரும் உட்கார்ந்து பேச வேண்டும். எல்லாம் யாரால் வந்தது என்ற பேச்சும் வரும். நான் பதில் யோசித்து வைத்திருந்தேன், நல்ல பதில், ஆறு பெயரையும் சேர்த்து. இப்போது அதைச் சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை.

அவளுக்கு இரண்டு வரி எழுதினால் போதுமாக இருந்தது. நான் வாயசைத்துக்கூடச் சொன்னேன். என்னைப் பார்த்துக்கொண்டே என் பெயரைச் சொல்லாமல் விட்டாள்.

இதை நான் மறக்க மாட்டேன்.